டெல்டாவில் இருந்துகொண்டு முதல் டிஜிட்டல் பியானோ வாங்குவது எப்படி?

தஞ்சாவூரில் வீணை வேண்டும் என்றால் செய்கிறவர் இடத்துக்கே போய், குடத்தைத் தட்டிப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரலாம். டிஜிட்டல் பியானோவுக்கு அந்தக் கொடுப்பினை நமக்கு இல்லை. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர் என்று எங்கே போனில் விசாரித்தாலும் "இருக்கு சார், வாங்க" என்பார்கள். நேரில் போனால் 61 கீ கீபோர்டு ஒன்றைத் துணியால் துடைத்து முன்னால் வைத்து, "இதுல 600 டோன் இருக்கு, பியானோவும் இதுலயே வந்துடும்" என்பார்கள். என் மகளுக்காக இப்படி அலைந்து ஒன்றை வாங்கி வைத்த பிறகு, தெரிந்தவர்கள் எல்லாம் இதே கேள்வியோடு போன் செய்ய ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். முதல் படியை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்காதீர்கள்.

1. டீச்சரிடம் முதலில் கேளுங்கள்: பியானோவா, கீபோர்டா?

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனியாக இன்னொன்று. நம் ஊர்ப் பக்கம் "பியானோ கிளாஸ்" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் பலவற்றில் சொல்லிக்கொடுப்பது இரண்டாவதைத்தான். கீபோர்டு தேர்வுக்கு வலது கை மெட்டு வாசிக்க, இடது கை கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடிக்க, பின்னால் தாளம் தானாக ஓடும் ஸ்டைல் வசதி வேண்டும். ஆரம்ப விலை டிஜிட்டல் பியானோக்களில் அது கிடையாது. ஐம்பதாயிரம் கொடுத்துப் பியானோ வாங்கிவிட்டுக் கீபோர்டு கிளாஸில் சேர்த்தால், வீட்டுப் பாடம் செய்யவே வழியிருக்காது. தலைகீழாகச் செய்தாலும் இதே கதைதான். மெல்லிய கீ உள்ள கீபோர்டில் பழகிய விரல், பியானோ தேர்வு அறையில் கனமான கீயைப் பார்த்துத் திணறும்.

டீச்சருக்கு வாட்ஸப்பில் நான்கு கேள்வி அனுப்புங்கள். எந்தத் தேர்வு போர்டின் எந்தப் பாடத்திட்டம்? தேர்வுக்கு டிஜிட்டல் பியானோ ஏற்றுக்கொள்வார்களா? பெடல் எந்த கிரேடிலிருந்து தேவைப்படும்? நீங்கள் வீட்டில் வைத்திருப்பது எந்த மாடல்? வாயால் கேட்டால் "ஏதாவது ஒண்ணு வாங்குங்க சார், பார்த்துக்கலாம்" என்றுதான் பதில் வரும். எழுத்தில் கேட்டால் அவர்களும் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள்.

ஏ.பி.ஆர்.எஸ்.எம் (டிரினிட்டி போல இன்னொரு இசைத் தேர்வு போர்டு) வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: அவர்களுடைய வீடியோ பதிவுத் தேர்வுகளில் டிஜிட்டல் பியானோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீயின் வீச்சு, அழுத்தம், பெடல் எல்லாம் அசல் பியானோவுக்கு ஈடாக இருக்க வேண்டும். அடுத்த படியில் சொல்லும் தகுதிகள் இருந்தால் போதும்.

பிள்ளை பாட்டு கிளாஸுக்கும் போகிறது, கூடவே இதிலும் கர்நாடக சங்கீதம் வாசிக்கட்டும் என்று நினைப்பவர்கள் நம் பக்கம் நிறைய. சுருதி ஒரு பிரச்சினை இல்லை. எல்லா டிஜிட்டல் பியானோவிலும் டிரான்ஸ்போஸ் உண்டு. ஒரு கட்டை விரலமைப்பிலேயே வாசித்து ஐந்தரைக் கட்டையில் ஒலிக்க வைக்கலாம். கமகம்தான் வராது. கீபோர்டு வித்வான்கள் இடது கையால் உருட்டி ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இந்த விலைப் பியானோக்களில் இருக்காது. கர்நாடக சங்கீதம்தான் முதல் நோக்கம் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. சக்கரம் உள்ள கீபோர்டு பாருங்கள். சர்ச் பாடகர் குழுவுக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் வாசிக்கப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

2. எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் வாங்குவது கீயைத்தான். மற்றதெல்லாம் கூட வருவது. கேட்க வேண்டியவை: 88 கீ, ஹேமர் ஆக்‌ஷன் (உள்ளே சின்னச் சுத்தியல் அசைந்து, அசல் பியானோ போலக் கீக்குக் கனம் தரும் அமைப்பு), பெடல் போடும் துளை, ஹெட்போன் துளை. அவ்வளவுதான். 600 டோன், 200 ரிதம் என்று அடுக்கினால் காதைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பெட்டியின்மேல் உள்ள வார்த்தைகளில் கவனம் வேண்டும். "டச் சென்சிடிவ்" என்றால் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடும், குறையும். கீ கனமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. "செமி வெயிட்டட்" என்பது ஸ்பிரிங் கீதான். பார்க்கப் பியானோ மாதிரியே ஒல்லியாக இருக்கும் யமஹா என்.பி-35இல் கீ 76தான், ஹேமரும் இல்லை. பயணத்துக்கு அருமையான கருவி, பியானோ பழக அல்ல. ஆன்லைனில் பத்து, பதினைந்தாயிரத்துக்கு 88 கீயோடு மடித்து வைக்கும் பியானோ என்று ஒன்று கண்ணில் படும். தயவுசெய்து வேண்டாம்.

ஏமாறாமல் இருக்க எளிய வழி, எடையைக் கேட்பது. ஹேமர் உள்ள 88 கீ கருவி ஏறக்குறைய 10 கிலோவுக்குக் கீழே வராது. 6, 7 கிலோ என்று போட்டிருந்தால் உள்ளே ஹேமர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிஃபனி என்று ஓர் எண் வரும்: 64, 96, 192. ஒரே நேரத்தில் எத்தனை ஒலி தாங்கும் என்பதன் கணக்கு அது. முதல் சில வருஷத்துக்கு 64 போதும்.

3. மாடலும் மொத்தச் செலவும்

ஆரம்பப் படிக்கு எல்லோரும் சொல்லும் பெயர்கள் சில. யமஹா பி-145, 2023இல் பழைய பி-45க்குப் பதிலாக வந்தது. எடை சுமார் 11 கிலோ. கேசியோ சி.டி.பி-எஸ்110, சுமார் 10.5 கிலோ, இருப்பதிலேயே ஒல்லி. ரோலண்ட் எஃப்.பி-10, சுமார் 12.3 கிலோ. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் யமஹா பி-225, கேசியோ பி.எக்ஸ்-எஸ்1100, ரோலண்ட் எஃப்.பி-30எக்ஸ், கவாய் இ.எஸ்120.

முதல் மூன்றும் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறினாலும், 40,000 முதல் 60,000 ரூபாய்க்குள் நிற்கும். என் அபிப்பிராயம் கேட்டால், கீயின் தொடு உணர்வில் ரோலண்ட் ஒரு படி மேலே. செல்போனோடு புளூடூத்தில் இணைந்து பியானோ செயலிகளையும் இயக்கும். பி-145க்கு அதற்குக் கேபிள் வேண்டும். ஆனால் எங்கள் தெரு மாதிரி அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் கேசியோவுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. சி.டி.பி-எஸ்110, பி.எக்ஸ்-எஸ்1100 இரண்டும் 6 பென் டார்ச் செல்லில் ஓடும். மின்வாரியம் பராமரிப்பு என்று காலை முழுக்க நிறுத்தும் நாளிலும் பிள்ளை வாசிக்கலாம்.

பழைய மாடலான பி-45 ஸ்டாக் இருக்கிறது, குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் யோசிக்காமல் மறுக்க வேண்டாம். விலை வித்தியாசம் கணிசமாக இருந்து, வாரண்டி இன்று முதல் கணக்கு என்று எழுதித் தந்தால் வாங்கலாம்.

இனி விலைப்பட்டியலில் எழுதாத செலவு. எக்ஸ் ஸ்டாண்டு 1,500 முதல் 3,000. அந்தந்த மாடலுக்கே உரிய மர ஸ்டாண்டு 7,000 முதல் 12,000. உயரம் மாற்றும் பெஞ்ச் 3,000 முதல் 6,000. ஹெட்போன் 1,500 முதல். நல்ல பெடல் 1,500 முதல் 3,500. இவை நான் விசாரித்த அளவில் கிடைத்த விலைகள். ஆக, 45,000 ரூபாய்க் கருவிக்கு 60,000 ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பெடல்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் பெரும்பாலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் இருக்கும். நம் வீட்டு மொசைக், டைல்ஸ் தரையில் அது ஒரு இடத்தில் நிற்காது. பிள்ளை மிதிக்க மிதிக்க நகர்ந்து சுவரோரம் போய்விடும். குனிந்து குனிந்து இழுத்து வைத்தே பாதிப் பாடம் முடியும். உலோகத்தில் செய்த, அடியில் ரப்பர் உள்ள பெடல் வாங்குங்கள். அதுவரை ஒரு பழைய ரப்பர் மிதியடியைக் கீழே போட்டால் சமாளிக்கலாம்.

எப்போது வாங்குவது? தீபாவளித் தள்ளுபடி கவர்ச்சியாக இருக்கும். ஆனால் நமக்கு அது அடைமழைக் காலம். பார்சல் நனையும், கரண்ட் நிலையாக இருக்காது. வயலை நம்பிய வீடுகளில் கையில் காசும் இருக்காது. சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி எனக்குச் சரியாகப் படுகிறது. அடுத்து வருவது முழுப்பரீட்சை லீவு, பழக நேரம் கிடைக்கும்.

4. கடையில் சோதிப்பது

திருச்சிக்கோ சென்னைக்கோ ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டும். கிளம்பும் முன் போன் செய்து, "அந்த மாடல் டிஸ்ப்ளேயில் இருக்கிறதா, கரண்ட் கொடுத்து வாசித்துப் பார்க்கலாமா?" என்று இரண்டையும் கேளுங்கள். "ஸ்டாக் இருக்கு" என்பதற்கு "குடோனில் பெட்டிக்குள் இருக்கு" என்றும் அர்த்தம் உண்டு. இப்போதே வீடியோ காலில் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

நமக்கு வாசிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பத்து ரூபாய் நாணயம் பத்துப் பன்னிரண்டு எடுத்துப் போங்கள். ஒரு நாணயம் சுமார் 7.7 கிராம். பஸ்ஸிலும் பெட்டிக்கடையிலும் வாங்க மறுக்கும் நாணயத்துக்கு இங்கே உபயோகம் வருகிறது. நடுவில் உள்ள ஒரு வெள்ளைக் கீயின் முன் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். எத்தனையாவது நாணயத்தில் கீ இறங்க ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். அதையே இடது கோடியிலும் வலது கோடியிலும் செய்யுங்கள். ஹேமர் கருவிகளில் இடது கோடி கனமாகவும் வலது கோடி லேசாகவும் இருக்கும், அசல் பியானோவைப் போலவே. மூன்று இடத்திலும் ஒரே எண்ணிக்கை வந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள். சேல்ஸ்மேன் சிரிப்பார், பரவாயில்லை.

அடுத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள். மெத்தென்ற சத்தம்தான் வர வேண்டும். கடகடவென்றோ கீச்சென்றோ கேட்டால் அந்தப் பீஸ் வேண்டாம். சத்தத்தைக் கூட்டி ஒரே கீயை மிக மெதுவாக, சாதாரணமாக, பலமாக என்று அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தும்போது காணாமல் போகிற ஒலியும், மெதுவாக அழுத்தியும் திடீரென்று கத்துகிற ஒலியும் குறைதான். கறுப்புக் கீயைப் பின் பக்கமாகத் தொட்டும் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிப் போய் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். எது பிடித்தது என்று கடைக்காரர் முன்னால் கேட்காமல் வெளியே வந்து கேளுங்கள்.

5. வீட்டில் இடம்

கருவியின் நீளம் சுமார் 132 செ.மீ. உட்கார்பவருக்கும் சேர்த்து முன்னால் ஒரு மீட்டர் விடுங்கள். கீயின் மேற்பரப்பு தரையிலிருந்து 72, 73 செ.மீ உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜைமேல் வைத்தால் 85 செ.மீ ஆகி, பிள்ளை தோளைத் தூக்கியே வாசிக்கும். தரையில் சம்மணம் போட்டு வாசிக்க ஆர்மோனியம் இல்லை இது. பெடலுக்குக் கால் தொங்க வேண்டும். சின்னப் பிள்ளையின் கால் எட்டாவிட்டால் காலுக்கு அடியில் ஒரு மணையைப் போடுங்கள்.

ஜன்னலோரம், சாமி அறை, சமையலறைச் சுவர் மூன்றும் வேண்டாம். சாரல், விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு. ஓட்டு வீடாக இருந்தால் ஒழுகும் இடம் எதுவென்று வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் மூடி வைக்கும் துணியை விடவே கூடாது. உப்புக் காற்று ஹெட்போன் துளையைத்தான் முதலில் தின்னும்.

6. பில், வாரண்டி, தவணை

பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை:

ஜி.எஸ்.டி பில். அதில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். சீரியல் எண் கருவியின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். "பில் இல்லாம வாங்கினா இரண்டாயிரம் குறைச்சுக்கலாம்" என்ற பேச்சு வந்தால் எழுந்துவிடுங்கள். வாரண்டியே அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும். அடாப்டருக்கும் பெடலுக்கும் வாரண்டி உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

சர்வீஸ் எங்கே என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மெக்கானிக் வீட்டுக்கு வருவாரா, அல்லது 11 கிலோ கருவியை நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? வருவார் என்றால் உங்கள் பின்கோடுக்கு வருவாரா? கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கே போன் செய்து பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரரின் "அதெல்லாம் வருவாங்க" செல்லாது.

வட்டியில்லாத் தவணை என்று சொல்வதிலும் பிராசஸிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். முழுப் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

7. வீடு வந்து சேர்வது

பெட்டி ஒன்றரை மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். பைக்கில் முடியாது. காரில் முன் சீட்டைச் சாய்த்தால் போகும். கூரியர் என்றால் ஒரு வாரம், பத்து நாள் கணக்கு வையுங்கள். கிராமத்துப் பின்கோடுக்கு "வீட்டு டெலிவரி" என்று போட்டிருந்தாலும் டவுன் பார்சல் ஆபீஸிலேயே இறக்கிவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அங்கிருந்து குட்டி யானையோ ஆட்டோவோ உங்கள் செலவு. ஆர்டர் போடும் முன்பே அந்த ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும்.

பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள், மேலே எதையும் ஏற்ற விடாதீர்கள். பிரிக்கும்போது ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள்: முதலில் நான்கு பக்கமும் பெட்டி, பிறகு லேபிள், பிறகு உள்ளே. பிரித்த அன்றே 88 கீ, பெடல், ஹெட்போன், ஸ்பீக்கர் எல்லாம் சோதித்துவிடுங்கள். பல ஆன்லைன் தளங்களில் மாற்றித் தரும் காலம் சில நாட்கள்தான். நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை பிரிக்கலாம் என்று வைத்திருந்து அந்தக் காலத்தைத் தவறவிட்டவரை எனக்குத் தெரியும். மஞ்சள், குங்குமம் பிறகு வைத்துக்கொள்ளலாம். அட்டைப் பெட்டியையும் தெர்மாக்கோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்ப வேறு பெட்டி கிடைக்காது.

8. சிங்கப்பூரிலிருந்து வருவதும், பழையதும்

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர் நம்முடையது. "மாமா வரும்போது கொண்டு வரச் சொல்லலாமே" என்ற யோசனை கட்டாயம் வரும். விமானத்தில் சாதாரணமாக ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 158 செ.மீக்குள் இருக்க வேண்டும்; பியானோ பெட்டியில்லாமலே அதைத் தாண்டிவிடும். அதற்குத் தனிக் கட்டணம், விலையைப் பொறுத்து மேலே சுங்கமும் வரலாம். வாரண்டியோ பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கு மட்டும். லாபம் எதுவும் மிஞ்சாது.

பழையது வாங்கலாம், பாதி விலைக்கு நல்லது கிடைப்பதுண்டு. நாலாவது படியில் சொன்ன சோதனையைப் பகலில், நிதானமாகச் செய்யுங்கள். நடு இரண்டு சப்தகத்தின் கீகள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய மரப்பெட்டி மாடல்கள் கம்பீரமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். பின்னால் உள்ள ஸ்டிக்கரைப் படிக்காமல் பிளக்கைத் தொடாதீர்கள்.

9. முதல் வருஷம்

நல்ல ஸ்பைக் கார்டு ஒன்று போடுங்கள். இடி இடித்தால் அதையும் நம்பாமல் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். பழைய வகை இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் "உர்ர்ர்" என்று கேட்டால் கருவியில் கோளாறு என்று பயப்பட வேண்டாம், மின்வாரியக் கரண்ட் வந்ததும் போய்விடும். அடாப்டர் கெட்டால் சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு 12 வோல்ட்டைச் செருகாமல், கம்பெனி சொல்லும் எண்ணுள்ளதை வாங்குங்கள். துடைக்க நன்றாகப் பிழிந்த ஈரத் துணி போதும், ஸ்பிரிட் வேண்டாம். அறுவடை சமயத்தில் தெருவில் நெல் காயப்போட்டிருந்தால் தூசி ஜன்னல் வழியாக வந்து கீ இடுக்கில் இறங்கும். வாசித்து முடித்ததும் மூடுங்கள்.

வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்பு செல்போனில் நினைவூட்டல் வைத்து, 88 கீயையும் மறுபடி ஒரு சுற்றுச் சோதியுங்கள். ஏதாவது ஒரு கீ மற்றதைவிடப் பலமாக அடித்தாலோ, டக் டக் என்றாலோ, அன்றைக்கே கம்பெனி எண்ணில் புகார் பதியுங்கள். பேசியவர் "குறிச்சுக்கிட்டேன்" என்று சொன்னால் போனை வைத்துவிடாமல், புகார் எண் குறுஞ்செய்தியாக வரும்வரை லைனிலேயே இருங்கள்.